கோமிதாஸ் வெறும் பாடல் சேகரிப்பாளரா?

கேள்வி இதுதான்: "கோமிதாஸ் என்ற ஆர்மேனியத் துறவியை அந்நாட்டு இசையின் தந்தை என்கிறார்கள். ஆனால் அவர் பெயரில் ஒரு சிம்பொனி இல்லை, எழுதி முடித்த ஓபரா இல்லை. ஊர் ஊராகப் போய் நாட்டுப்பாடல்களை எழுதி வைத்தார் என்றுதான் எங்கும் படிக்கிறேன். அப்படியானால் அவர் இசையமைப்பாளரா, சேகரிப்பாளரா, பாட்டு வாத்தியாரா?"

மூன்றும்தான். வரிசைப்படுத்தச் சொன்னால் வாத்தியாரை முதலில் வைப்பேன். அவர் சேகரித்ததும் எழுதியதும் பெரும்பாலும் யாரோ ஒருவரைப் பாடவைப்பதற்காகவே. அவர் கையெழுத்தில் இருந்தவற்றில் பெரும்பகுதி காணாமல் போன பிறகும் அவர் பெயர் நிலைத்திருக்கிறது என்றால், அவரிடம் படித்தவர்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடலாம். 1869 அக்டோபர் 8 அன்று ஒட்டோமான் பேரரசின் கூதாஹ்யா நகரில் பிறந்தார். மேற்கு அனத்தோலியாவில், வண்ண ஓடுகளுக்கும் பீங்கானுக்கும் பெயர் போன ஊர் அது. இயற்பெயர் சொகோமோன் சொகோமோனியான். அப்பா கெவோர்க் செருப்புத் தைப்பவர், அம்மா தகூஹி கம்பளம் நெய்பவர். இருவருக்கும் நல்ல குரல்; சொந்தமாகப் பாட்டுக் கட்டும் பழக்கமும் உண்டு. ஆனால் அந்தப் பாட்டுகள் துருக்கியில் இருந்தன. கூதாஹ்யா ஆர்மேனியர்கள் வீட்டில் பேசியது துருக்கிதான். குழந்தைக்கு ஒரு வயது நிறைவதற்குள் அம்மா இறந்துவிட்டார். பதினொரு வயதில் அப்பாவும் இல்லை.

1881இல் அந்த ஊர்ப் பாதிரியார் ஒருவர் பிஷப் பட்டம் பெறுவதற்காக எச்மியாட்சினுக்குக் கிளம்பினார். ஆர்மேனியத் திருச்சபையின் தலைமைப் பீடம் இருக்கும் இடம் அது. அப்போது ரஷ்யப் பேரரசுக்குள் இருந்தது. அங்குள்ள கெவோர்கியான் குருமடப் பள்ளிக்கு நல்ல குரலுள்ள ஓர் அனாதைப் பையனைக் கூட்டி வரச் சொல்லியிருந்தார்கள். தேர்வானவன் சொகோமோன். திருச்சபைத் தலைவரான நான்காம் கெவோர்க் பையனிடம் ஆர்மேனியத்தில் பேசினாராம். எனக்கு ஆர்மேனியம் தெரியாது, வேண்டுமானால் பாடுகிறேன் என்று பையன் துருக்கியில் சொல்லிவிட்டு, ஓர் ஆர்மேனிய ஆராதனைப் பாடலை ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாமல் பாடினான். கிழவர் கலங்கிவிட்டார் என்று சொல்வார்கள். பின்னால் ஆர்மேனியப் பாட்டுக்கே இலக்கணம் வகுத்த ஆள் அந்த மொழியைப் பன்னிரண்டு வயதில்தான் படிக்க ஆரம்பித்தார். அந்த இசையை அவர் கடைசிவரை ஒரு மாணவனின் கவனத்தோடு கேட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. பிறந்ததிலிருந்து காதில் விழுந்துகொண்டே இருப்பதை யாரும் அப்படி உற்றுக் கேட்பதில்லை.

1893இல் படிப்பை முடித்தார். உடனே அதே பள்ளியில் இசை ஆசிரியர், பாடகர் குழுத் தலைவர். அடுத்த ஆண்டு துறவு பூண்டபோது கோமிதாஸ் என்ற பெயர் கிடைத்தது. 7ஆம் நூற்றாண்டில் திருச்சபைத் தலைவராக இருந்த ஒரு கவிஞரின் பெயர் அது. 1895இல் வர்தபெத் ஆனார். கற்றறிந்த துறவிகளுக்குத் தரும் பட்டம். அதனால்தான் கோமிதாஸ் வர்தபெத் என்று முழுப்பெயராகச் சொல்கிறார்கள்.

பாட்டுச் சேகரிப்பு இந்தக் காலத்திலேயே தொடங்கிவிட்டது. விடுமுறை விட்டால் கிராமங்களுக்குக் கிளம்பிவிடுவார். பாட்டைக் கேட்கும்போதே எழுதிக்கொள்ள அவரிடம் ஒரு வசதி இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹம்பார்ட்சூம் லிமொன்ஜியான் என்ற கான்ஸ்டாண்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்) ஆர்மேனியர் உருவாக்கிய சுரக்குறி முறை அது. ஐரோப்பிய முறை மாதிரி ஐந்து கோடு போட வேண்டாம். சிறு சிறு குறிகளை வரிசையாக எழுதிக்கொண்டே போகலாம். ஏறக்குறைய சுருக்கெழுத்து மாதிரி. துருக்கியச் செவ்வியல் இசையின் பெரும் பகுதியும் இந்த முறையில் எழுதப்பட்டதால்தான் தப்பித்தது. கிராமத்துக்காரர்கள் கோமிதாஸுக்கு 'நோட்டு எழுதும் சாமியார்' என்ற பொருளில் ஒரு பட்டப்பெயரே வைத்திருந்தார்கள்.

சேகரிப்பாளர் என்ற சொல் அவருக்குப் போதாது என்று நான் நினைப்பதற்குக் காரணம், அவர் மெட்டை மட்டும் எழுதிக்கொண்டு வரவில்லை. யார், எங்கே, எந்த வேலை செய்துகொண்டு பாடினார்கள் என்பதையும் கவனித்தார். ஒரு விவசாயியை வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்து ஏர்ப்பாட்டு பாடு என்றால் பாடமாட்டான், அந்தப் பாட்டுக்கு இடம் வயல் என்பதை அவர் எழுதியிருக்கிறார். லோரி பகுதியில் வர்தப்லூர் என்ற கிராமத்தின் ஏர்ப்பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு தனி ஆய்வே செய்தார். அங்கே ஏர் என்பது பல ஜோடி மாடுகளும் எருமைகளும் இழுக்கும் கனமான கலப்பை. ஓட்டுவதற்கே நாலைந்து பேர் வேண்டும். அந்தப் பாட்டு நேர்கோட்டில் போகாது. ஓர் இடத்தில் மாட்டை அதட்டும் குரல், ஓர் இடத்தில் கூட உழுபவனுக்குச் சொல்லும் சொல், இன்னோர் இடத்தில் ஆண்டவனைக் கூப்பிடும் நீண்ட இழுப்பு. எந்தத் துண்டு யாரைப் பார்த்துப் பாடப்படுகிறது என்று பிரித்து, அதற்கேற்ப மெட்டு எப்படி மாறுகிறது என்று அவர் காட்டுகிறார். இசை ஆராய்ச்சிக்கு அப்போது ஒரு பெயர்கூடச் சரியாக அமையவில்லை. ஹங்கேரியில் இசையமைப்பாளர் பார்டோக் பாட்டுத் தேடிக் கிராமங்களுக்குப் போகத் தொடங்கியதற்குச் சுமார் பத்து ஆண்டு முந்தியே இவர் இந்த வேலையில் இருந்தார்.

ஆர்மேனியப் பாட்டோடு நிற்கவில்லை. குர்திஷ் மெட்டுகளையும் எழுதி வெளியிட்டார். பாடல் வரிகளைத் தொகுப்பதில் மானுக் அபேகியான் என்ற அறிஞர் கூட இருந்தார்; இருவரும் சேர்ந்து 1903லும் 1905லும் ஐம்பது ஐம்பது பாடல்களாக இரண்டு தொகுதிகள் கொண்டுவந்தார்கள்.

இசைப் படிப்புக்கு வருவோம். 1895இல் திப்லிஸில், அதாவது இன்றைய திபிலிசியில், இசையமைப்பாளர் மகார் யெக்மாலியானிடம் ஹார்மனி, அதாவது பல சுரங்களை ஒரே நேரத்தில் இணைத்து ஒலிக்கவைக்கும் கலை, கற்றார். பிறகு எண்ணெய் முதலாளி அலெக்சாந்தர் மந்தாஷெவ் கொடுத்த பண உதவியில் 1896இலிருந்து 1899வரை பெர்லின். ரிச்சர்ட் ஷ்மிட் என்பவரின் தனியார் இசைப்பள்ளியில் பயிற்சி, பல்கலைக்கழகத்தில் இசை வரலாறும் கோட்பாடும். 1899இல் பன்னாட்டு இசைச் சங்கம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் உறுப்பினர்களில் அவரும் ஒருவர்.

இப்போது உங்கள் கேள்வியின் நடுப்பகுதி: அவர் இசையமைத்தாரா? இதற்குக் கொஞ்சம் சுரக்கணக்கு வேண்டும். கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்கு எளிதில் பிடிபடும்.

ஐரோப்பிய இசைக்கு அடிப்படை எட்டுச் சுர வட்டம். கீழ் ச-வில் தொடங்கி மேல் ச-வில் முடியும். நம் மேளங்களும் அப்படித்தான்: ச-ரி-க-ம பூர்வாங்கம், ப-த-நி-ச உத்தராங்கம், இரண்டும் தனித்தனியாக நிற்கும். கோமிதாஸ் என்ன சொன்னார் என்றால், ஆர்மேனியப் பாட்டின் அடிப்படை எட்டு அல்ல, நான்கு. நான்கு சுரத் தொகுதி ஒன்று. அதன் கடைசிச் சுரமே அடுத்த தொகுதிக்கு முதல் சுரம். ச-ரி-க-ம என்று ஏறினால், அந்த ம-விலிருந்தே ம-ப-த-நி. அப்புறம் அந்த நி-யிலிருந்து இன்னொன்று. சங்கிலி போல. ஒரே அளவுள்ள தொகுதிகளை இப்படிக் கோத்துக்கொண்டே போனால் ஒரு வேடிக்கை நடக்கும். கீழே சங்கராபரணத்தின் ச-ரி-க-ம-வில் ஆரம்பித்திருந்தால், இரண்டாம் தொகுதியில் நிஷாதம் கைசிகியாக இறங்கிவிடும். மூன்றாம் தொகுதிக்கு ஏறும்போது கீழே அந்தர காந்தாரமாக இருந்தது மேலே சாதாரண காந்தாரமாகிவிடும். மேல் ஸ்தாயி கீழ் ஸ்தாயியின் நகல் அல்ல.

இந்த மெட்டுக்குக் கீழே ஐரோப்பிய இசையின் மேஜர், மைனர் கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கொத்துகளை, கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும்? மெட்டு நெளியும். அந்தக் கார்டுகள் எல்லாம் வட்டம் முடிவதை எதிர்பார்த்து நிற்பவை. இந்தப் பாட்டோ வட்டத்தை முடிப்பதில்லை. அவருடைய குரு யெக்மாலியானின் ஆராதனை இசை 1896இல் லைப்சிகில் அச்சானது. அழகான வேலைதான், இன்றும் பல ஆர்மேனியத் தேவாலயங்களில் பாடப்படுகிறது. ஆனால் அதன் ஹார்மனி ஐரோப்பியப் பள்ளியின் ஹார்மனி. கோமிதாஸ் வேறு வழி தேடினார். நீண்டு நிற்கும் ஒரே சுரம், நான்கும் ஐந்துமான (ச-ம, ச-ப போன்ற) வெற்று இடைவெளிகள், மெட்டிலிருந்தே கிளைத்து தனித்தனியாக நடக்கும் குரல்கள். மெட்டு கேட்காத எதையும் சேர்ப்பதில்லை. பல இடங்களில் பியானோவுக்கு ஏறக்குறைய வேலையே இல்லை.

இதை இசையமைப்பு என்று ஒத்துக்கொள்ளலாமா என்று சந்தேகம் வந்தால் 'அந்தூனி'யைக் கேளுங்கள். ஊரை விட்டுப் பிழைக்கப் போனவனின் பாட்டு. தன் மனதை இடிந்த வீட்டோடு ஒப்பிட்டுத் தொடங்குவான். உத்தரம் முறிந்து, தூண் ஆட்டம் கண்டு, காட்டுப் பறவை கூடு கட்டப்போகும் வீடு. மெட்டு மக்களுடையது. ஆனால் எந்த இடத்தில் பியானோ வாயை மூடிக்கொள்ள வேண்டும், எந்த இடத்தில் ஒரே ஒரு சுரத்தை வைக்க வேண்டும் என்று முடிவெடுத்தது அவர். அந்த முடிவுகளை நீக்கிவிட்டால் பாட்டு சாதாரணச் சோகப்பாட்டாகிவிடும். இந்தப் பாட்டைக் கேட்டு பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸ்ஸி சொன்னதாக ஒரு வாசகம் கோமிதாஸ் பற்றிய எந்தக் கட்டுரையிலும் தவறாமல் வரும். அதை நான் இங்கே எடுத்துப் போடவில்லை. பெரிய ஆள் ஒருவரின் சான்றிதழ் இல்லாமலே நிற்கக்கூடிய பாட்டு அது.

பியானோவுக்கு எழுதிய நடனங்களும் அப்படித்தான். யெராங்கி, ஊனாபி, மராலி, ஷுஷிகி என்று சின்னச் சின்னத் துண்டுகள். நை, தார், தஃப் என்று கிராமத்து வாத்தியங்களின் பாணியில் வாசிக்கும்படி சுரத்தாளிலேயே குறிப்பு எழுதியிருக்கிறார். பியானோ தன்னை மறந்து தஃப் ஆக வேண்டும்! மூஷ் பகுதியின் அசைந்தாடும் கூட்டு நடனத்தை வைத்து எழுதிய 'ம்ஷோ ஷோரோர்' இவற்றில் பெரியது. குழந்தைகளுக்கான எளிய பியானோத் துண்டுகளும் எழுதினார். கௌதாரியைப் பற்றிக் கவிஞர் ஹோவ்ஹான்னெஸ் தூமானியான் எழுதிய சிறுவர் பாட்டுக்கு அவர் போட்ட மெட்டு சொந்த மெட்டு. ஆர்மேனியப் பிள்ளைகள் அதை நாட்டுப்பாடல் என்றே நினைத்துப் பாடுகிறார்கள்.

1899இல் பெர்லினிலிருந்து திரும்பி மறுபடியும் எச்மியாட்சின் பள்ளி. அடுத்த பத்து ஆண்டுகள் அவருடைய சிறந்த காலம் என்றும் சொல்லலாம், மூச்சுமுட்டிய காலம் என்றும் சொல்லலாம். பையன்களைப் பல குரல்களில் பாடப் பழக்கினார். ஸ்பிரிதோன் மெலிகியான் போன்ற பின்னாளைய இசையறிஞர்கள் அந்தப் பள்ளியிலிருந்து வந்தவர்கள்தான். 1906 டிசம்பரில் பாரிஸில் ஆர்மேனிய இசைக்கென்றே ஒரு கச்சேரி நடத்தினார். அடுத்த ஆண்டு அங்கேயே பாடல் தொகுப்பு அச்சானது. ஜெனீவா, பெர்ன், வெனிஸ் என்று சுற்றினார். ஆர்மேனியர்களுக்குச் சொந்த இசை என்று ஒன்று கிடையாது, பாரசீகமும் துருக்கியும் கலந்த கலவைதான் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தக் கச்சேரிகளும் உரைகளும்தான் பதில்.

வீட்டுக்குள் நிலைமை வேறு. துறவி காதல் பாட்டு சேகரிக்கலாமா என்று மடத்தில் பழமைவாதிகள் முணுமுணுக்கத் தொடங்கி வெகுநாள் ஆகியிருந்தது. அவருக்கு ஆதரவாக இருந்த திருச்சபைத் தலைவர் க்ரிமியான் 1907இல் காலமானதும் முணுமுணுப்பு உரத்தது. 1909இல் அடுத்த தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினார்: என்னை விடுவியுங்கள், இல்லையென்றால் சேவான் ஏரி மடத்துக்காவது அனுப்பிவிடுங்கள், அங்கே அமைதியாக வேலை செய்கிறேன். பதில் கிடைக்கவில்லை. 1910இல் கான்ஸ்டாண்டிநோபிளுக்குக் கிளம்பிவிட்டார்.

அங்கே பங்கால்தி பகுதியில் ஓவியர் பானோஸ் தெர்லெமெசியானோடு ஒரே வீட்டில் குடியிருந்தார். மரத்தடியில் கம்பளத்தின்மேல் கறுப்பு அங்கியோடு அவர் உட்கார்ந்திருக்கும் ஓவியத்தைப் பார்த்திருப்பீர்கள். அது தெர்லெமெசியான் வரைந்தது. வந்த வருடமே ஆணும் பெண்ணுமாக முந்நூறு பேர் கொண்ட 'குசான்' பாடகர் குழுவைத் திரட்டினார். தேவாலயப் பாட்டைக் கச்சேரி மேடையில் பாடக் கூடாது என்று இங்கும் தடை போடப் பார்த்தார்கள். அவர் பாடினார். எகிப்துக்குப் போய் அலெக்சாந்திரியாவிலும் ஒரு குழு அமைத்தார். 1912இல் பாரிஸில் இசைத்தட்டுகள் பதிவாயின. மூஷ் பகுதியைச் சேர்ந்த அர்மேனாக் ஷாமுராதியான் பாட, கோமிதாஸ் பியானோ. அவரே பாடிய தட்டுகளும் உண்டு. ஒரு தேசிய இசைக் கல்லூரி தொடங்க வேண்டும் என்று அலைந்தார், அதற்கு மட்டும் யாரும் கைகொடுக்கவில்லை. கடைசியில் குழுவிலிருந்து சில இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து வீட்டிலேயே பாடம் நடத்தினார்.

1915 ஏப்ரல் 24 இரவு கான்ஸ்டாண்டிநோபிளில் ஆர்மேனிய எழுத்தாளர்கள், மருத்துவர்கள், அரசியல்வாதிகள் எனப் பலரை ஒட்டோமான் போலீஸ் பிடித்தது. ஆர்மேனிய இனப்படுகொலையின் தொடக்கமாக நினைவுகூரப்படும் நாள் அது. கோமிதாஸும் அதில் ஒருவர். ரயிலிலும் வண்டியிலுமாக உள்நாட்டுச் சங்கிரி நகருக்குக் கொண்டுபோனார்கள். கூடவே பிடிபட்ட பாதிரியார் கிரிகோரிஸ் பலாக்கியான், வழியிலேயே கோமிதாஸின் மனம் கலங்கத் தொடங்கியதை எழுதியிருக்கிறார். சில வாரங்களில் உள்துறை அமைச்சர் தலாத் பாஷாவின் தந்தியின் பேரில் எட்டுப் பேரை விடுவித்தார்கள். அதில் இவர் பெயரும் இருந்தது. அமெரிக்கத் தூதர் மார்கெந்தாவும், அவர் பாட்டைக் கேட்டிருந்த துருக்கிய எழுத்தாளர்கள் சிலரும் இவருக்காகப் பேசினார்கள் என்று சொல்லப்படுகிறது. கவிஞர்கள் தானியேல் வரூஜானும் சியாமாந்தோவும் திரும்பவில்லை.

திரும்பி வந்தவர் கொஞ்ச காலம் வேலை செய்ய முயன்றார். 1916 இலையுதிர்காலத்தில் மருத்துவமனையில் சேர்த்தார்கள். 1919இல் பாரிஸுக்கு மாற்றி, முதலில் வில்-எவ்ரார், 1922இலிருந்து வில்ஜுயிஃப் மனநல மருத்துவமனை. 1935 அக்டோபர் 22 அன்று அங்கேயே இறந்தார். மருத்துவமனைகளில் கழிந்த அந்த ஆண்டுகளில் அவர் இசை எதுவும் எழுதவில்லை. வெகுகாலம் அதை மனச்சிதைவு என்றே சொல்லிவந்தார்கள். மனநல மருத்துவர் ரீட்டா சூலாஹியான் குயூம்ஜியான் பழைய மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்து, அது பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய் என்று வாதிட்டார். எனக்கு இந்த வாதம் ஏற்புடையதாகவே இருக்கிறது. 'பைத்தியமான மேதை' என்ற கதை கேட்பதற்குச் சுவையாக இருக்கும். ஆனால் நடந்தது என்ன என்பதை மறைத்துவிடும்.

இந்த இடைவெளியில்தான் அவர் தாள்கள் சிதறின. மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களை எழுதி வைத்தவரின் சேகரிப்பில் இன்று இருப்பது சுமார் 1,200. பெரிய இழப்பு வேறொன்று. 'க்ஹாஸ்' எனப்படும் இடைக்கால ஆர்மேனியச் சுரக்குறிகள் பல நூற்றாண்டுகளாக யாருக்கும் படிக்கத் தெரியாமல் சுவடிகளில் கிடக்கின்றன. அவற்றில் எளியவற்றுக்குத் திறவுகோல் கிடைத்துவிட்டது என்று கோமிதாஸ் சொல்லியிருந்தார். அந்த ஆய்வு முழுமையாக வெளிவரவே இல்லை.

ஆனால் மாணவர்கள் இருந்தார்கள். போர் முடிந்ததும், வீட்டில் பாடம் கேட்ட அந்த இளைஞர்களில் ஐந்து பேர் 'கோமிதாஸின் மாணவர்கள்' என்றே தங்களை அழைத்துக்கொண்டு கச்சேரி நடத்தினார்கள், பாட்டுப் புத்தகங்கள் போட்டார்கள். பர்செக் கனாச்சியான் பெய்ரூட்டில் குடியேறி, குருவின் குழுப்பெயரான 'குசான்' என்பதையே வைத்துப் பாடகர் குழு நடத்தினார். ஆர்மேனியாவின் இன்றைய தேசிய கீதத்துக்கு இசை கனாச்சியானுடையது. மிஹ்ரான் தூமஜான் அமெரிக்கா போய், அங்கே தஞ்சம் புகுந்திருந்த ஆர்மேனியர்களிடமிருந்து அவர்கள் ஊர்ப் பாட்டுகளை எழுதி எடுத்தார். அந்த ஊர்களில் பல அதற்குள் ஆர்மேனியர் இல்லாத ஊர்களாகிவிட்டன; பாட்டு தெரிந்தவர்கள் மாஸசூசெட்ஸ் தொழிற்சாலை நகரங்களில் இருந்தார்கள். வர்தான் சர்க்சியான், ஆண்குரல்களுக்காகக் கோமிதாஸ் இருபது ஆண்டுகளுக்கு மேல் திருத்தித் திருத்தி எழுதிய ஆராதனை இசையான 'பதரக்'கைப் பதிப்பித்து 1933இல் பாரிஸில் வெளியிட்டார். வில்ஜுயிஃப் மருத்துவமனையில் குரு அப்போது உயிரோடு இருந்தார்.

மீதி விவரங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1936இல் உடலை யெரெவானுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள்; அந்த இடத்துக்கும் நகரத்து இசைக் கல்லூரிக்கும் இப்போது அவர் பெயர். ராபர்ட் அதயான் 1960களிலிருந்து முழுத் தொகுப்பைப் பதிப்பித்தார். 2023இல் அவர் படைப்புகள் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தன. ஆர்மேனியாவின் பத்தாயிரம் திராம் பணநோட்டிலும் அவர் முகம் இருக்கிறது.

கேட்க ஆரம்பிப்பதென்றால் என் யோசனை இது. முதலில் 'த்சிரானி த்சார்' அல்லது 'காருன் ஆ' போன்ற சின்னப் பாட்டு ஒன்று. அடுத்து 'அந்தூனி', பியானோவோடு ஒற்றைக் குரலில். பெரிய ஆர்கெஸ்ட்ரா சேர்த்த பதிவுகளைத் தவிர்த்துவிடுங்கள், அவர் வேண்டாமென்று விட்டதையெல்லாம் திரும்பக் கொண்டுவந்து வைத்திருப்பார்கள். பிறகு பியானோ நடனங்கள். 'பதரக்'கைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, முடிந்தால் யெக்மாலியானுடையதையும் அதே நாளில் கேளுங்கள். மேலே சொன்ன நான்கு சுரச் சங்கிலி விவகாரம் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில் காதுக்கே தெரிந்துவிடும். 1912 தட்டுகள் இணையத்தில் கிடைக்கின்றன. ஊசிக் கரகரப்பு அதிகம்தான், ஆனாலும் ஷாமுராதியான் பாடுவதை ஒருமுறை கேளுங்கள். இந்தப் பாட்டுகளை இன்று கச்சேரிகளில் இழுப்பதைவிட அவர் எவ்வளவு வேகமாகப் பாடுகிறார் என்று பாருங்கள்.